இது எந்த ஊர் வானம்?

வணக்கம் ஐயா,

மதுரை மேலூர் ரோட்டில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் சேர்த்து எடுக்கிறேன். ஓவியத்துக்குத் தனி ஆசிரியர் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நானே ஏதாவது வரைய வைப்பேன். உலக ஓவியர்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யலாமே என்று போன மாதம் வான்கோவின் ‘நட்சத்திர இரவு’ படத்தைச் செல்போனில் காட்டி, கரும்பலகையிலும் ஒருமுறை போட்டுக் காட்டி, வரையச் சொன்னேன். 23 பிள்ளைகளும் ஒரே மாதிரி சுழி சுழியாக வரைந்தார்கள். ஆண்டுவிழாவில் சுவரில் ஒட்டினோம், எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு பையன் மட்டும், “டீச்சர், இது எந்த ஊர் வானம்?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. வெளிநாட்டு ஓவியர்களை விட்டுவிட்டு நம்மூர்க் கோலம், கோபுரம் என்று வரைய வைப்பதுதான் சரியோ? கலர் வாங்கவும் பெரிதாகக் காசு கிடையாது. என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்தப் பையனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். அது பிரான்ஸின் தெற்கே சான் ரெமி என்ற ஊரின் வானம். 1889 ஜூன் மாதம். வான்கோ அப்போது அங்கே ஒரு மனநல மருத்துவமனையில் தங்கியிருந்தார். அவர் அறை ஜன்னல் கிழக்கே பார்த்தது. விடிவதற்கு வெகுநேரம் முன்னால் வெளியே பார்த்ததையும், விடிவெள்ளி மட்டும் மிகப் பெரிதாகத் தெரிந்ததையும் தம்பி தியோவுக்கு எழுதியிருக்கிறார். படத்தில் அந்த உயரமான மரத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று இருப்பது அதுதான். படத்தைத் தீட்டியதோ பகலில், கீழ்த்தளத்தில் வேறோர் அறையில். இருட்டில் பார்த்ததை மனதில் வைத்திருந்து வெளிச்சத்தில் வரைந்தார். பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியது இந்த வேலையைத்தான்.

ஒரு வாரம் படத்தைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். விடியற்காலையில் எழுந்து மொட்டைமாடியிலோ வாசலிலோ நின்று வானத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். வீட்டில் அப்பத்தா இருந்தால் விடிவெள்ளி எது என்று அவரே காட்டிவிடுவார். (வெள்ளி எல்லா மாதமும் காலையில் தெரியாது. சில மாதங்கள் சாயங்காலம் மேற்கே இருக்கும். அப்படியானால் சாயங்காலம் பார்க்கட்டும்.) பள்ளிக்கு வந்தபின் நினைவிலிருந்து வரையட்டும். எது பெரிதாகத் தெரிந்தது, இருட்டு என்ன நிறத்தில் இருந்தது என்று மட்டும் கேளுங்கள். ஒருவன் கரண்ட் கம்பியை வரைவான். ஒருத்தி பால் வண்டியின் விளக்கை வரைவாள். எல்லோரும் முடித்த அப்புறம் வான்கோவைக் காட்டுங்கள். தாங்கள் செய்த அதே வேலையைச் செய்த இன்னோர் ஆளாக அவரைப் பார்ப்பார்கள். வான்கோவைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு தப்பும் இல்லை, அவர் படத்தை முதலிலேயே காட்டியதுதான் சிக்கல்.

நான் படித்த பள்ளிக்கூடம் ஒத்தக்கடைப் பக்கம். ஐந்தாம் வகுப்பு ஜன்னல் முழுக்க யானைமலைதான். ஓவிய வகுப்பில் ‘இயற்கைக் காட்சி’ வரையச் சொல்வார்கள். நாற்பது பேரும் வரைந்தது இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஒரே பாறையாக, துதிக்கையை நீட்டிப் படுத்த யானை மாதிரி, அது அங்கேயே கிடந்தது. அதை ஒருமுறைகூட வரையாமல் அந்த வருஷத்தை முடித்தேன் என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

பிரெஞ்சு ஓவியர் செசானுக்கும் இப்படி ஒரு மலை இருந்தது. சொந்த ஊர்ப் பக்கம் இருந்த சென்ட் விக்டுவார் மலையை 1906இல் சாகும்வரை திரும்பத் திரும்ப வரைந்தார். கடைசிப் படங்களில் மலை வெறும் வண்ணத் திட்டுகளாகவே ஆகிவிடுகிறது. உங்கள் பிள்ளைகள் மாட்டுத்தாவணிக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் யானைமலையைத் தாண்டித்தானே போகிறார்கள்? ஒரு பருவம் முழுக்க அதையே வரைய வையுங்கள். காலையில், உச்சி வெயிலில், மழைக்கு முன்னால், பஸ் ஜன்னலில் பார்த்த நினைவில். போஸ்ட் கார்டு அளவுத் தாள் போதும். ஐந்தாவது படத்தில் “மறுபடியும் அதே மலையா டீச்சர்?” என்று சலித்துக்கொள்வார்கள். விட்டுவிடாதீர்கள். அந்தச் சலிப்புக்கு அப்புறம்தான் பாறையில் ஊதா நிறம் கண்ணில் பட ஆரம்பிக்கும்.

கோபுரத்துக்கு வருகிறேன். அதையும் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் 23 ஒரே கோபுரம்தான் வரும். நம்மூர் ஓவியர் என்றால் மனோகர் தேவதாஸைக் காட்டுங்கள். 1936இல் மதுரையில் பிறந்தவர். கறுப்பு மையில் நுணுக்க நுணுக்கமாகக் கோடு போட்டு மதுரையை வரைந்தவர். விழித்திரை நோயால் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தபோதும் வரைந்தார். 2022இல் காலமானார். அவரை வைத்து ஒரு வகுப்பு எடுக்கலாம்: தாளைச் சுருட்டி ஒரு கண்ணில் குழாய் மாதிரி வைத்து, மறு கண்ணை மூடிக்கொண்டு, அதற்குள் தெரிகிற அளவை மட்டும் பேனாவால் வரைய வேண்டும். கதவுத் தாழ்ப்பாள், அடிபம்பு, வேப்பமரப் பட்டை, எதுவானாலும் சரி.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸுக்குக் கத்தரிக்கோல் போதும். 1941இல் நடந்த பெரிய அறுவைசிகிச்சைக்குப் பிறகு உடம்பு தளர்ந்துபோன அவர், பின்னாட்களில் வண்ணம் பூசிய தாளை வெட்டி ஒட்டியே படம் செய்தார். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் இதற்கு நன்றாக இருக்கும். பென்சிலால் கோடு போட்டுவிட்டு வெட்டக் கூடாது, அது ஒன்றுதான் விதி. எந்த வகுப்பானாலும் பிள்ளையின் தாளில் உங்கள் கை படவே கூடாது. கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

கலருக்குக் காசில்லை என்கிறீர்கள். வங்காளத்து ஜாமினி ராய் கல்கத்தா கலைப்பள்ளியில் ஐரோப்பிய முறையில் பயின்றவர். பிறகு அதை விட்டுவிட்டு கிராமத்து ஓவியர்களின் வழிக்குப் போனார். மண்ணிலும் செடியிலும் விளக்குக் கரியிலும் நிறம் எடுத்தார், நிறம் தாளில் பிடிக்கப் புளியங்கொட்டைப் பசை சேர்த்தார். உங்கள் ஊரில் புளியமரத்துக்கா பஞ்சம்? கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் பசை. செம்மண், அடுப்புக்கரி, மஞ்சள்தூள் மூன்றையும் அதில் தனித்தனியாகக் குழையுங்கள். மஞ்சளில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் சிவப்பாக மாறும். அப்போது பிள்ளைகள் போடுகிற சத்தத்தைக் கேட்கவாவது செய்து பாருங்கள். சுண்ணாம்பு கண்ணில் படக் கூடாது, அதை மட்டும் நீங்களே கலந்து கொடுங்கள். பசை சீக்கிரம் நாற்றமெடுத்துவிடும். அதனால் வியாழக்கிழமை ராத்திரி ஒரு வகுப்புக்கு வேண்டிய அளவு காய்ச்சினால் போதும்.