ஜூலையில் பார்த்த வீடு, ஜனவரியில் எப்படி இருக்கும்?

கேள்வி: என் கணவருக்கு ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மகனுக்கு இந்த ஆகஸ்டுக்குள் ஐந்து வயது நிறைந்துவிடும். ஜூலையில் போய் வீடு பார்த்தோம். நகரத்துக்குள் 65 சதுர மீட்டரில் ஒரு ஃபிளாட். அதே வாடகைக்கு, 40 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிளைப் பள்ளத்தாக்கில், 1,200 மீட்டர் உயரத்தில், தோட்டத்தோடு ஒரு தனி வீடு. எங்கள் மனசு தனி வீட்டின் பக்கம்தான். எடுக்கலாமா? குடியேறும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: ஒரு குளிர்காலத்தை அங்கே பார்க்காமல் தனி வீட்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வீடு மோசம் என்பதல்ல காரணம். ஆல்ப்ஸில் அன்றாட வாழ்வின் தரம் ஊரைப் பொறுத்ததைவிட, ஊருக்குள் வீடு நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அந்த வித்தியாசம் ஜூலையில் கண்ணுக்குத் தெரியாது.

முதலில் வெயில். இன்ஸ்ப்ருக் இருக்கும் திரோல் மாநிலத்தில் ஒரு பள்ளத்தாக்கின் இரு பக்கத்துக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. தெற்கு பார்த்த சரிவு 'சொன்சைட்டே', வெயில் பக்கம். வடக்கு பார்த்தது 'ஷாட்சைட்டே', நிழல் பக்கம். நகரத்தின் வழியே ஓடும் 'இன்' என்ற ஆற்றின் பள்ளத்தாக்கு கிழக்கு மேற்காக ஓடுவதால் அதன் வடகரை ஊர்களுக்கு, அதாவது ரும், தௌர், அப்ஸாம் போன்றவற்றுக்கு, குளிர்காலத்திலும் வெயில் தாராளம். அதே பள்ளத்தாக்கில் கீழே இருக்கும் ராட்டென்பெர்க் என்ற சிற்றூர் தெற்கே மலையை ஒட்டி உட்கார்ந்திருப்பதால், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நேரடி வெயிலே படாது. மலையின் எந்தப் பக்கம் என்பதுதான் வித்தியாசம்.

நீங்கள் பார்த்த வீட்டுக்கு இதை ஜூலையிலேயே அளந்துவிடலாம். டிசம்பர் 21 அன்று இன்ஸ்ப்ருக் அட்சரேகையில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 19 டிகிரிதான் ஏறும். நவம்பர் முதல் வாரத்திலும் பிப்ரவரி முதல் வாரத்திலும் சுமார் 27 டிகிரி. வரவேற்பறை ஜன்னலில் நின்று தெற்கே பாருங்கள். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. கண்மட்டத்திலிருந்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே போங்கள். தெற்கு முகடு இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் கீழேயே அடங்கினால் ஆண்டு முழுக்க நண்பகல் வெயில் உண்டு. மூன்று முஷ்டி உயரம் நின்றால் மூன்று மாதத்துக்கும் மேல் கிடையாது. கைபேசியில் சாய்வுமானி இருந்தால் துல்லியமாகவே தெரியும். தூரத்தை வைத்துச் சொன்னால், ஒரு கிலோமீட்டர் தள்ளி வீட்டைவிட 350 மீட்டர் உயர்ந்த முகடு இருந்தாலே டிசம்பர் நண்பகல் வெயில் போய்விடும். குறுகிய கிளைப் பள்ளத்தாக்குகளில் இது சர்வ சாதாரணம். வெயில் படாத வீட்டில் வாசற்படி ஐஸ் உருகாது, துணி காயாது, வெப்பமூட்டும் செலவு ஏறும். மூன்றாவது வாரத்தில் மனசும் சோர்ந்துவிடும். வெயிலுக்குப் பழகிய குடும்பத்துக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பெரியது. லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நகரத்திலும் குறை உண்டு. காற்று அசையாத குளிர்கால நாட்களில் கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி நிற்கும். வாகனப் புகையும் விறகுப் புகையும் அதோடு சேர்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட நாளில் 574 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரத்தைவிட, கேபிள் கார் போகும் 1,905 மீட்டர் உயர ஸேகுரூபே இதமாக இருப்பதுண்டு. இன்னொன்று 'ஃபியோன்' எனப்படும் தென்காற்று. தெற்கே இத்தாலி எல்லையில் இருக்கும் பிரென்னர் கணவாயைத் தாண்டி இறங்கும் காற்று ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு டிகிரி சூடேறி, வறண்டு, வேகமாக வரும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அதிகம். மாடியில் குடையையும் பூந்தொட்டியையும் கட்டிவைக்க வேண்டும். ஒற்றைத் தலைவலி இருப்பவர்களில் பலர் அந்த நாட்களில் அவதிப்படுவதாகச் சொல்கிறார்கள். பிரென்னரிலிருந்து இறங்கும் விப்டால் பள்ளத்தாக்குதான் இந்தக் காற்றின் பாதை. அதே வழியாக ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகளும் போகின்றன. அங்கே வீடு பார்த்தால் ஜன்னலைத் திறந்து வைத்து, கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள்.

ஒரே சாலை

தனி வீட்டுக்குப் போகும் சாலை ஒன்றுதானா? கிளைப் பள்ளத்தாக்குகளில் பெரும்பாலும் ஒன்றுதான். கடும் பனிப்பொழிவில் அதைப் பனிச்சரிவு அபாயத்துக்காக மூடுவார்கள். கோடை இடிமழையில் சேறும் பாறையும் இறங்கி அடைத்துவிடும். 1999 பிப்ரவரியில் பாட்ஸ்னௌன் பள்ளத்தாக்கின் கால்டூர், வால்ட்ஸூர் என்ற இரண்டு ஊர்களில் விழுந்த பனிச்சரிவுகளில் 38 பேர் இறந்தார்கள். அப்போதும் சாலை பல நாட்களாக மூடித்தான் கிடந்தது. அதன்பின் தடுப்புகளும் அபாய மண்டல வரைபடங்களும் கடுமையாக்கப்பட்டன. அந்த வரைபடத்தின் பெயர் 'கெஃபாரென்சோனென்பிளான்'. கிராம அலுவலகத்தில் யார் கேட்டாலும் காட்டுவார்கள். திரோல் மாநில அரசின் இணைய வரைபடத்திலும் இருக்கிறது. சிவப்பு மண்டலத்தில் புது வீடு கட்டவே அனுமதி இல்லை. மஞ்சளில் நிபந்தனைகளோடு கட்டலாம். பழைய வீடு எந்த நிறத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து நெடுஞ்சாலை வரை சாலை எத்தனை இடங்களில் சிவப்பைக் கடக்கிறது என்றும் பாருங்கள். பலர் வீட்டை மட்டும் பார்த்துவிட்டுச் சாலையை மறந்துவிடுகிறார்கள்.

பிறகு பஸ் அட்டவணை. சுற்றுலாப் பருவத்தின் அட்டவணையை நம்பாதீர்கள். பனிச்சறுக்கு முடிந்த ஏப்ரல், மே மாதங்களுக்கும் நவம்பருக்கும் 'ஸ்விஷென்சைஸோன்' என்று பெயர். அப்போது விடுதிகள், உணவகங்கள், சில ஊர்களில் கடைகள்கூட மூடிக்கிடக்கும். அந்தப் பருவத்தின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போவதாக இருந்தால் இரண்டு கார் தேவைப்படும். அதோடு, அதே வாடகைக்குத் தனி வீடு கிடைத்த லாபம் கரைந்துவிடும்.

காரைப் பற்றி: நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனியோ ஐஸோ இருந்தால் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். டயரின் பள்ளம் குறைந்தது 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் அது கோடை டயராகவே கணக்காகும். உள்ளூர்க்காரர்கள் அக்டோபரிலேயே மாற்றிவிட்டு ஈஸ்டருக்குப் பிறகுதான் கழற்றுவார்கள். பனிக்காக டயரில் மாட்டும் சங்கிலி வாங்கினால் வீட்டு வாசலில், பகலில், ஒரு முறை மாட்டிப் பழகுங்கள். இருட்டில், பனியில், விரைத்த விரலோடு முதல் முறை மாட்டுவது நடக்காத காரியம். இந்திய உரிமத்தோடு, ஆஸ்திரியாவில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் ஓட்டலாம். மாற்றிக்கொள்ள மருத்துவச் சான்றும் ஓட்டிக்காட்டும் தேர்வும் வேண்டும், ஆகவே வந்த மாதமே தொடங்குங்கள்.

வாடகை என்பது பாதிக் கணக்கு

விளம்பரத்தில் 'ஹா.வே.பே.' (HWB) என்று ஒரு எண் இருக்கும். ஒரு சதுர மீட்டரைச் சூடாக்க ஆண்டுக்கு எத்தனை கிலோவாட் மணி தேவை என்பது அது. 40 என்றால் நல்லது, 150-க்கு மேல் என்றால் பழைய வீடு. 100 சதுர மீட்டர் வீட்டில் 40-க்கும் 150-க்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 11,000 கிலோவாட் மணி. அந்த ஊரின் எரிபொருள் விலையால் பெருக்கி, 12-ஆல் வகுத்து வாடகையோடு கூட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: ஆற்றல் சான்றிதழில் இரண்டு எண்கள் இருக்கும். 'எர்.கா.' (RK) என்பது நாட்டின் பொதுவான தட்பவெப்பத்துக்கு, 'எஸ்.கா.' (SK) என்பது அந்த இடத்தின் தட்பவெப்பத்துக்கு. 1,200 மீட்டரில் இருக்கும் வீட்டுக்கு இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன் அந்தச் சான்றிதழைக் காட்டுவது வீட்டுக்காரரின் கடமை.

சட்டத்திலும் இரண்டு வீடும் ஒன்றல்ல. உங்கள் கேள்விக்கு மிக முக்கியமான இடம் இதுதான். பல குடியிருப்புகள் உள்ள கட்டடத்தின் ஃபிளாட்டுக்கு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. காலவரை போட்ட ஒப்பந்தமாக இருந்தாலும், முதல் ஆண்டு முடிந்தபின் மூன்று மாத அறிவிப்பு கொடுத்து நீங்கள் வெளியேறலாம். ஒன்று அல்லது இரண்டு குடியிருப்பு மட்டுமே உள்ள வீட்டுக்கு, 2002 முதல் போட்ட ஒப்பந்தமானால், அந்தச் சட்டம் பொருந்தாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். 'மூன்று ஆண்டுக்கு' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, நிழலும் சாலையும் ஒத்துவராமல் முதல் மார்ச்சிலேயே கிளம்ப நினைத்தாலும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். எப்போதாவது தனி வீடு எடுத்தால், நீங்கள் இடையில் விலகும் உரிமையை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். நடைபாதைப் பனியை அள்ளும் பொறுப்பு யாருடையது என்றும் பாருங்கள். காலை 6 முதல் இரவு 10 வரை வீட்டையொட்டிய நடைபாதையைச் சுத்தமாக வைப்பது உரிமையாளர் கடமை. தனி வீடுகளில் அதை ஒப்பந்தம் வழியாகக் குடியிருப்பவர் தலையில் வைத்துவிடுவதுண்டு.

முன்பணம் பொதுவாக மூன்று மாத மொத்த வாடகை. தரகர் கட்டணத்தை, 2023 ஜூலை 1 முதல், அவரை அமர்த்தியவரே தர வேண்டும். வீட்டுக்காரர் அமர்த்திய தரகருக்கு நீங்கள் தர வேண்டியதில்லை. சாவி வாங்கும் நாளில் ஒவ்வொரு கீறலையும் படமெடுத்து, இருவரும் கையெழுத்திட்ட பட்டியலாக்குங்கள். சந்தேகமான ஒப்பந்தத்தை 'ஆர்பைட்டர்காம்மர்' என்ற தொழிலாளர் அவையிடம் காட்டுங்கள். சம்பளம் வாங்குபவர்களில் பெரும்பாலோர் தானாகவே அதன் உறுப்பினர். ஆலோசனைக்குத் தனிக் கட்டணம் இல்லை.

முன்பணம் திரும்பாமல் போவதற்குப் பெரிய காரணம் பூஞ்சை. சமையல் ஆவியும் குளியல் ஆவியும் குளிர்ந்த சுவரில் நீராகப் படியும். ஜன்னலை முழுதாகத் திறக்காமல், அதன் மேல்பகுதியை மட்டும் நாள் முழுக்கச் சாய்த்து வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. அறைக் காற்று மாறாது, ஆனால் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் குளிர்ந்து அங்கேயே கருத்துவிடும். நாளுக்கு மூன்று முறை, எதிரெதிர் ஜன்னல்களை முழுதாகத் திறந்து 5 நிமிடம், பிறகு மூடிவிடுங்கள். ஒரு ஈரப்பதமானி வாங்கி 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பளக் கடிதத்தில் மாதத் தொகை இருந்தால், அது பெரும்பாலும் ஆண்டுக்கு 14 முறை வரும். கோடைக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று கூடுதல். ஆண்டுத் தொகை மட்டும் இருந்தால் 14-ஆல் வகுத்துத்தான் மாத வரவைக் கணக்கிட வேண்டும். 12-ஆல் வகுத்தால் வாடகைத் திட்டம் தவறிவிடும்.

வந்திறங்கியதும் முதல் வேலை முகவரிப் பதிவு. குடிபுகுந்த மூன்று நாளுக்குள், வீடு தருபவரின் கையெழுத்தோடு 'மெல்டெட்செட்டெல்' படிவத்தை உள்ளாட்சி அலுவலகத்தில் தர வேண்டும். தற்காலிக அறையானாலும் இதுதான் விதி. வங்கிக் கணக்கு, மழலையர் பள்ளி எல்லாவற்றுக்கும் அந்தத் தாளைக் கேட்பார்கள். கணவரின் 'சிவப்பு-வெள்ளை-சிவப்பு' அட்டை, அதாவது தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி, ஒரே நிறுவனத்தோடு கட்டுண்டது. குடும்பத்தினராக உங்களுக்கு வரும் 'பிளஸ்' அட்டையோடு நீங்கள் எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கலாம். மருத்துவரிடம் போகும்போது காப்பீட்டோடு ஒப்பந்தம் உள்ளவரா என்று முதலிலேயே கேளுங்கள். 'வால்ஆர்ட்ஸ்ட்' என்றால் முழுக் கட்டணத்தையும் நீங்கள் கட்டிவிட்டு விண்ணப்பிக்க வேண்டும். திரும்பி வருவது காப்பீடு தன் மருத்துவருக்குத் தந்திருக்கும் தொகையில் 80 சதவீதம்தான், நீங்கள் கட்டியதில் அல்ல.

மகனுக்கு ஆகஸ்ட் 31-க்குள் ஐந்து நிறைவதால், செப்டம்பரிலிருந்து மழலையர் பள்ளி கட்டாயம். வாரம் 20 மணி நேரம், அதற்குக் கட்டணம் கிடையாது. அவனுக்கு இது பெரிய வாய்ப்பு. அடுத்த ஆண்டு பள்ளியில் சேரும்போது ஜெர்மன் போதாது என்று தேர்வில் தெரிந்தால் தனி மொழி வகுப்பில் வைப்பார்கள். ஆகவே இந்த ஓராண்டை மற்ற பிள்ளைகளோடு விளையாடிப் பேசவே விடுங்கள். மதியத்துக்குப் பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வசதி நகரத்தில் எளிது, சிறு கிராமங்களில் பல இடங்களில் நண்பகலோடு சரி. ஆனால் கிராமத்துக்கு ஒரு பலம் உண்டு. இசைக்குழு, தன்னார்வத் தீயணைப்புப் படை, பனிச்சறுக்குச் சங்கம் என்று ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிட்டால் ஊர் உங்களை ஏற்றுக்கொள்ளும். சேராமல் இருந்தால் ஐந்தாண்டு ஆனாலும் புதியவர்தான்.

ஆகவே முதல் ஆண்டுக்கு நகர ஃபிளாட், அல்லது ரயில் பாதையில் வடகரையில் இருக்கும் ஹால் போன்ற ஊர். தனி வீட்டு ஆசையை விடாதீர்கள். நவம்பர் கடைசியில் ஒரு வேலைநாளில், அந்தப் பள்ளத்தாக்குக்குக் காரில்லாமல் பஸ்ஸில் போய், இருட்டிய பிறகு திரும்பி வாருங்கள். ஜனவரியில் பனி விழுந்த மறுநாள் இன்னொரு முறை.

மலைக்குப் போகத் தொடங்கும் முன் ஒரு காரியம்: ஆஸ்திரிய ஆல்ப்ஸ் சங்கத்தில் குடும்பமாக உறுப்பினராகுங்கள். பொழுதுபோக்கில் நேரும் விபத்துக்கு மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கும் செலவைப் பொதுக் காப்பீடு பொதுவாக ஏற்காது, அது ஆயிரக்கணக்கான யூரோ வரும். சங்க உறுப்பினர் காப்பீட்டில் மீட்புச் செலவுக்கு 25,000 யூரோ வரை உண்டு. குளிர்காலத்தில் பாதை விட்டு விலகும் எந்த நடைக்கும், முந்தைய நாள் மாலை 5 மணிக்கு வெளியாகும் பனிச்சரிவு அறிக்கையைப் படியுங்கள். அதில் சொல்லும் அபாயத்தின் ஐந்து படிகளில் மூன்றாவது படி நடுத்தரமாகத் தோன்றும்; உயிரிழப்புகளில் பெரும்பகுதி அந்த நாட்களில்தான். மலைமீட்புப் படைக்கு 140, ஆம்புலன்ஸுக்கு 144. இரண்டையும் மூன்று பேரின் கைப்பையிலும் எழுதி வையுங்கள், மகனுடையதிலும்.