கண்வலிக்கிழங்கை மூட்டுவலிக்குச் சாப்பிடலாமா? அறிவியல் ஆதாரம் இருக்கிறதா?

சாப்பிடாதீர்கள். பொடித்து ஒரு சிட்டிகை என்றாலும் வேண்டாம். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டால், நிறையவே இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கப் படிக்க, கிழங்கை வீட்டில் அளந்து தின்னும் துணிவு யாருக்கும் வராது.

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் இருக்கிறது. மழை பிடித்ததும் இந்தக் கொடி இலை நுனியைச் சுருட்டிப் புதரைப் பற்றிக்கொண்டு ஏறும். செங்காந்தள், கார்த்திகைப்பூ, நம் மாநில மலர் எல்லாம் இதுதான். அடிவாரத்தில் கம்பிப் பந்தல் போட்டு விதைக்காகவே பயிரிடுகிறார்கள். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். அதனால் காலையில் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். அத்தையின் தோட்டத்தில் நானும் செய்திருக்கிறேன். அந்த விதை மருந்து ஆலைகளுக்குப் போகிறது. கழுத்துப் பிடிப்புக்கு டாக்டர்கள் எழுதும் தயோகோல்சிகோசைடு கூட இந்தச் செடியின் சத்திலிருந்து செய்யப்படுவதுதான்.

என் சித்தப்பாவுக்கு முழங்கால் வலி. யாரோ சொன்னார்கள் என்று வேலியோரம் தோண்டிய கிழங்கில் கட்டைவிரல் அளவு இரண்டு துண்டை வேகவைத்துச் சாப்பிட்டார். வேகவைத்தால் இந்த நஞ்சு போகாது. இரவு தொடங்கிய வாந்தியும் பேதியும் விடியும் வரை நிற்கவில்லை. மருத்துவமனையில் பத்து நாள். முதல் நாளைவிட மூன்றாம் நாள்தான் எங்களைப் பயமுறுத்தியது: ரத்த அணுக்கள் இறங்கின, சிறுநீர் குறைந்தது. பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலை தலை துவட்டியவர் துண்டைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். துண்டு முழுக்க முடி. சித்தி அதை வாங்கி மடித்து வைத்தாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

முடி ஏன் கொட்டியது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின் செல்கள் பிரிவதைத் தடுக்கிறது. வேகமாகப் பிரியும் செல்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே அடி விழும்: குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, முடிவேர்.

இதே கோல்சிசின் அழற்சியைத் தணிப்பதும் உண்மை. யூரிக் அமிலம் சேர்ந்து கால் பெருவிரல் சிவந்து வீங்கும் கவுட் நோய்க்கு இது நிரூபிக்கப்பட்ட மருந்து. கவுட் நோயாளிகளிடம் நடந்த சோதனையில், முதலில் 1.2 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.6 என மொத்தம் 1.8 மில்லிகிராம் கொடுத்தாலே, 4.8 மில்லிகிராம் கொடுத்ததற்குச் சமமான பலன் கிடைத்தது. பேதி வெகுவாகக் குறைந்தது. இதய நோயாளிகள் 5,522 பேரிடம் நடந்த சோதனையில் தினம் 0.5 மில்லிகிராம் மாரடைப்பு போன்ற பாதிப்புகளை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2020இல் வெளியானது. மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்து 2024இல் முடிவு வெளியான இன்னும் பெரிய சோதனையில் அந்தப் பலன் தெரியவில்லை. உங்கள் கேள்விக்கு நேராக வருவது வேறு: தேய்மானத்தால் வரும் வலி. முழங்கால் தேய்மானத்துக்குக் கொடுத்துப் பார்த்து 2018இல் வெளியான சோதனையிலும், கைவிரல் மூட்டுத் தேய்மானத்துக்கு 2023இல் வெளியானதிலும் வலி குறையவில்லை. சித்தப்பாவுக்கு இருந்தது அந்தத் தேய்மானம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். ஏழு மில்லிகிராமில் உயிர் போனதாகவும் பதிவு இருக்கிறது. உலர்ந்த கிழங்கில் கால் சதவீதம் கோல்சிசின் என்று வைத்தால்கூட ஒரு கிராமில் ஐந்து மாத்திரை. மூன்று கிராமில் உயிரைத் தொடும் அளவு. அந்தச் சதவீதமும் கிழங்குக்குக் கிழங்கு மாறும். வீட்டுத் தராசு இதற்கு உதவாது.

சித்த மருத்துவம் இதைத் தெரியாமல் கையாளவில்லை. சுத்தி, அதாவது நச்சைக் குறைக்கும் பக்குவம், செய்யாமல் கிழங்கை மருந்தில் சேர்ப்பதில்லை. மருந்துச் சட்ட விதிகளின் ஈ-1 அட்டவணையிலேயே கார்த்திகைக் கிழங்கு நச்சுப் பொருளாக இடம்பெற்றிருக்கிறது. இதைச் சேர்த்த உள்மருந்தில் மருத்துவர் மேற்பார்வை தேவை என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும். பாம்புக்கடிக்கு அரைத்துப் பூசுவதை நம்பி நேரத்தைத் தொலைக்காதீர்கள். விஷமுறிவு ஊசிதான் மருந்து. கருவைக் கலைக்க இதைத் தின்பது தாயின் உயிருக்கே ஆபத்து.

யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம். மீதிக் கிழங்கைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், கிழங்கின் பெயரைச் சொல்லுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லுங்கள், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் போன்ற சில மருந்துகள் உடம்பில் கோல்சிசினின் அளவை ஏற்றிவிடும். மறுநாள் வாந்தி நின்றாலும் வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். சித்தப்பாவுக்கு வாந்தி நின்ற பிறகுதான் சிறுநீர் குறைந்தது.