படுகையில் வைத்த சுருக்கு, காலை இழந்த நாய்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: பாபநாசம் வட்டத்தில், கொள்ளிடத்தின் தென்கரையில் எங்கள் கிராமம் இருக்கிறது. ஆடுகளோடு படுகைக்குப் போன எங்கள் நாய், நாணல் புதரில் கட்டியிருந்த சைக்கிள் பிரேக் கம்பிச் சுருக்கில் மாட்டிக்கொண்டது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் அதன் முன்னங்காலை எடுக்க வேண்டியதாயிற்று. இதுவரை 11,000 ரூபாய் செலவு. சுருக்கு வைத்தவரோ எங்கள் வீட்டுக்கே வந்து, “பன்றிக்குத்தான் வைத்தேன், நாயைக் கட்டிப்போடாதது உங்கள் தவறு” என்கிறார். 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, இனிப் புகார் இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதித் தருமாறு ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். சென்ற ஆண்டு இன்னொருவரின் கிடா அதே இடத்தில் இப்படித்தான் செத்தது. என் மீதும் தவறு உண்டா?

பதில்: “பன்றிக்குத்தான் வைத்தேன்” என்பதை அவர் தமக்குச் சாதகமான விளக்கமாக நினைத்துச் சொல்லியிருக்கிறார். சட்டத்தின் பார்வையில் அது இன்னொரு குற்றத்தை ஒப்புக்கொண்ட பேச்சு. காட்டுப்பன்றி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் இரண்டாம் அட்டவணையில் உள்ள, வேட்டையாடத் தடையுள்ள விலங்கு. அச்சட்டத்தின் 2(16) பிரிவு ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் பொருளில், கொல்வது மட்டுமல்லாமல் கண்ணி வைப்பதும், அதற்கான முயற்சியும் அடங்கும். ஆகவே பன்றி எதுவும் சிக்காவிட்டாலும் குற்றம் குற்றமே. இதற்கு 3 ஆண்டு வரை சிறைத்தண்டனையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வாழையும் கரும்பும் பன்றியால் அழிவதைக் கண்டவன் என்ற முறையில், விவசாயியின் கோபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால், 2025-இல் தமிழக அரசு காட்டுப்பன்றிகளைச் சுடுவதற்கு வழி செய்தபோதும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினர் வாயிலாக மட்டுமே என்றுதான் வரையறுத்தது. தனிநபர் சுருக்கு வைக்க அதில் இடமில்லை.

இனி உங்கள் நாய்க்கு வருவோம். பிறர் விலங்கைக் கொல்வதோ ஊனப்படுத்துவதோ பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 325-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரியது. காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் இது. (விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960-இன் கீழும் புகார் தரலாம்; முதல் குற்றத்துக்கு அதில் அபராதமே 50 ரூபாய்தான் என்பதால் அதை மட்டும் நம்பிப் பயனில்லை.) எனினும் 325-ஆம் பிரிவு நிலைக்க, பிறருக்கு இழப்பு ஏற்படக்கூடும் என்று அவர் அறிந்திருந்தார் எனக் காட்ட வேண்டும்; எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைப்பதும் அங்கேதான். போன வருடம் செத்த கிடா உங்களுக்கு உதவுவது இந்த இடத்தில். அந்தச் சுருக்கையும் இவரே வைத்தார், அல்லது கிடா செத்த செய்தி இவருக்குத் தெரியும் என்று அதன் உரிமையாளர் சாட்சி சொன்னால், ஆடும் நாயும் தினமும் போய்வரும் வழி என்று தெரிந்தே இவர் கம்பி கட்டினார் என்பது உறுதிப்படும். ஒருவேளை அது நிரூபணமாகாவிட்டாலும், கவனக்குறைவுக்கான இழப்பீடு கேட்டு 3 ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர உங்களுக்கு வழி இருக்கிறது.

உங்கள் மீது தவறு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். படுகை ஆற்றுப் புறம்போக்கு. அங்கே ஆட்டோடு நாய் போவது வழக்கமான செயல், மறைத்துக் கம்பி கட்டுவதுதான் சட்டவிரோதமான செயல். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் ஒன்றை மறைக்காமல் என்னிடம் சொல்லுங்கள்: அந்த நாய் முயலையோ உடும்பையோ துரத்தும் பழக்கம் உள்ளதா? அப்படித் துரத்த நீங்களே ஏவியிருந்தால், வேட்டைக் குற்றம் உங்கள் பக்கமும் திரும்பும். உடும்பு முதல் அட்டவணையில் இருப்பதால் தண்டனையும் கூடுதல்.

சான்றுகளைப் பொறுத்தவரை, அறுத்தெடுத்த கம்பியைத் தூக்கி எறியாமல் உறையிலிட்டு வையுங்கள். கல்லூரியின் சிகிச்சைக் குறிப்பு, ரசீதுகள், நாய் உங்களுடையது என்பதைக் காட்டும் வெறிநோய்த் தடுப்பூசி அட்டை ஆகியவை தேவைப்படும். அவர் வீட்டு வாசலில் பேசியதை யார் யார் கேட்டார்கள் என்று இன்றே எழுதி வையுங்கள். காவலரிடம் அவர் தரும் ஒப்புதல் வாக்குமூலம் அவருக்கு எதிராகச் செல்லாது, உங்களிடம் சொன்னதைச் சாட்சியமாக வைக்கலாம். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 173(4) பிரிவைக் குறிப்பிட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதன் பிறகும் அசையாவிட்டால் நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். வேட்டைக் குற்றத்துக்குத் தனிப் புகாரை வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். நாணலுக்குள் இன்னும் கம்பிகள் இருக்கக்கூடும். நீங்களே தேடி அறுக்க வேண்டாம், வனத்துறையினரைக் கூட்டிச் சென்று, இருந்த இடத்திலேயே படம் எடுத்த பிறகு அகற்றச் சொல்லுங்கள்.

ஊர்ப் பேச்சில் உங்கள் பண இழப்பைப் பற்றிச் சமாதானம் ஆவது உங்கள் விருப்பம். வனவிலங்குக் குற்றத்தை மன்னிக்கும் அதிகாரம் ஊருக்கு இல்லை. அது உங்கள் கையிலும் இல்லை. ஆகவே அந்த முத்திரைத்தாளில் கையெழுத்திடாதீர்கள். 2,000 ரூபாயை வாங்கத்தான் வேண்டுமென்றால், சிகிச்சைச் செலவில் ஒரு பகுதியாகப் பெற்றுக்கொண்டதாக மட்டும் எழுதி, மீதி 9,000 ரூபாயையும் அதே தாளில் குறிப்பிடுங்கள்.