இரவுப் பசியும் வர்க்கிப் பொட்டலமும்

கோத்தகிரித் தங்கையே, ஓலான்சபைன் என்ற மனநல மாத்திரை தொடங்கி 4 மாதத்தில் 8 கிலோ எடை ஏறிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்தப் பசி உங்கள் பலவீனம் இல்லை. மூளையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் வேலையை மருந்து தடுப்பதும் அதற்கு ஒரு காரணம்.

என் தம்பிக்கும் இதே மாத்திரைதான். இரவு 10 மணிக் குளிரில், டீயில் வர்க்கியை (நம்ம நீலகிரி மொறுமொறு பிஸ்கட்) முக்கி முக்கி ஒரு பொட்டலத்தையே காலி செய்வான். வீட்டில் வர்க்கி வாங்குவதையே விட்டோம். தட்டில் பாதி அளவுக்கு வேகவைத்த பீன்ஸ், கேரட், அப்புறம் முட்டையோ சுண்டலோ, கடைசியில்தான் சோறு. மெல்ல ஏற்றம் நின்றது.

நன்றாக விடிந்தபின் நடந்துவாருங்கள், காட்டெருமை பயம் இருக்கிறதே. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடையைக் கட்டுப்படுத்த உதவுமா, மருந்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.