வாசகர் கேள்வி–பதில்: கையால் கட்டிய ஃப்ளைகளைப் பாதுகாப்பது எப்படி?

கேள்வி: ட்ரவுட் மீனுக்கான ஃப்ளைகளை, அதாவது தூண்டில் முள்ளின் மேல் இறகும் முடியும் நூலும் சுற்றிச் செய்யும் செயற்கைப் பூச்சிகளை, சில ஆண்டுகளாக நானே கட்டி வருகிறேன். ஒரே பெட்டியில் அடங்கியிருந்தவை இப்போது மிட்டாய் டப்பா, மாத்திரை டப்பா என்று வீடெங்கும் பரவிவிட்டன. தேடியது கைக்குக் கிடைப்பதில்லை. மழைக்காலம் முடிந்து திறந்து பார்த்தால் சில முட்களில் துரு ஏறியிருக்கிறது. இவற்றை எப்படி வகைப்படுத்துவது, எதில் வைப்பது?
— ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: 1907-இல் நீலகிரியின் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைவதற்கு எந்தக் குளிரும் ஈரமும் ஏற்றவையாக இருந்தனவோ, அவைதாம் உங்கள் ஃப்ளைகளுக்குப் பகையாக இருக்கின்றன. ஆகவே பெட்டி வாங்குவதற்கு முன், வீட்டில் இருக்கும் சேமிப்பு வேறு, ஓடைக்கு எடுத்துச் செல்லும் சிறு பெட்டி வேறு என்று பிரித்துவிடுங்கள். மீன்பிடித்துத் திரும்பியதும் நனைந்த ஃப்ளையை நேராகச் சேமிப்பில் சேர்க்கக் கூடாது. பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஃபோம் அட்டையின் கீறலில் ஈரம் நெடுநேரம் தங்கும் என்பதால், நனைந்த ஒரு ஃப்ளை தன் முள்ளை மட்டுமன்றி அடுத்தடுத்த முட்களையும் துருப்பிடிக்கச் செய்துவிடும். சிறு பெட்டியை இரவு முழுவதும் திறந்து வைத்து, இறகின் அடிப்பகுதி வரை உலர்ந்துவிட்டதை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே மூடுங்கள்.

சேமிப்புக்கு, ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாப் பெட்டி ஒன்றும் அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். நிறம் மாறும் வகையாக வாங்கினால், எப்போது ஈரம் உறிஞ்சி முடித்தது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். உறையின் மேல் குறிப்பிட்டிருக்கும் வெப்பத்தில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். உலராத ஃப்ளையை இத்தகைய பெட்டியில் அடைப்பது, திறந்த தட்டில் வைப்பதைவிடக் கெடுதலானது.

இனி வகைப்படுத்துதல். பெயர் வரிசையில் அடுக்குவது பார்க்க அழகாக இருக்கும், ஓடைக்கரையில் உதவாது. அங்கே நாம் யோசிப்பது மீன் எந்த ஆழத்தில் இரை எடுக்கிறது என்பதையும் பூச்சி எவ்வளவு பெரிது என்பதையும்தான். எனவே நீர்மேல் மிதக்கும் டிரை ஃப்ளை, சற்றே அமிழும் வெட் ஃப்ளை, அடியில் செல்லும் நிம்ஃப், சிறுமீன் போல நீந்தும் ஸ்ட்ரீமர் என்று முதலில் பிரியுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்குள்ளும் முள்ளின் எண்படி 12, 14, 16 என்று பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள் (எண் கூடக் கூட முள் சிறியது). நிம்ஃபில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே ஈயக்கம்பி சுற்றியதும் சுற்றாததும் வெளியே ஒன்றுபோலவே தெரியும். கட்டும்போதே, எடை சேர்த்தவற்றின் தலைப்பகுதியைச் சிவப்பு நூலால் முடித்துவிட்டால் பிறகு கையில் எடுத்து எடை பார்க்க வேண்டியதில்லை.

டிரை ஃப்ளையைச் சுற்றி நிற்கும் சேவல் கழுத்து இறகுதான் அதை மிதக்க வைக்கிறது. அது நசுங்கினால் ஃப்ளை ஒருபக்கம் சாய்ந்துவிடும். இவற்றை ஃபோமில் குத்தாமல், இறகு மூடியில் படாத ஆழமுள்ள தனித்தனி அறைகளில் தளர்வாகப் போடுங்கள். நசுங்கியதையும் எறிந்துவிட வேண்டாம்: சிறு இடுக்கியால் முள்ளின் வளைவைப் பிடித்து, கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் சில நொடிகள் காட்டினால் இறகு நிமிர்ந்து விரிவதைப் பார்க்கலாம். நன்றாக உலர்த்திய பின் அறைக்குள் வையுங்கள். நிம்ஃபுக்கும் வெட் ஃப்ளைக்கும் ஃபோம் பொருத்தமானதே. பெட்டிகளை வெயில் படும் சன்னலோரம் வைத்தால் சாயமேற்றிய இறகுகள் வெளுத்துவிடும்.

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த என் தாத்தாவுக்கு அங்கிருந்த மேலாளர் கொடுத்த பழைய சால்மன் ஃப்ளைகள், உள்ளே ஆட்டுரோமம் தைத்த தோல் உறையில் இருக்கின்றன. சில இறகுகள் அரிக்கப்பட்டு, உறைக்குள் பொடி உதிர்ந்திருக்கிறது. அந்துருண்டை போடலாமா?
— ஒரு வாசகி, குன்னூர்

பதில்: வேண்டாம். அந்துருண்டையின் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளகச் செய்யும். அதை நாம் சுவாசிப்பதும் நல்லதன்று. இறகையும் உரோமத்தையும் தின்னும் அந்துப்பூச்சியோ கம்பள வண்டின் புழுவோ உள்ளே இருக்கக்கூடும் என்பதால், ஃப்ளைகளைக் காற்று நீக்கிய பிளாஸ்டிக் பைக்குள் இறுக மூடி, மைனஸ் 18 பாகையில் உள்ள உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள். குளிர்ந்த முள்ளின் மேல் வெளிக்காற்று பட்டால் நீர் கோத்துத் துருவுக்கு வழியாகும். பின்னர் அந்தத் தோல் உறைக்குள் மறுபடி வைக்க வேண்டாம், உரோமம் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உறையைத் தனியே நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளுங்கள்.

மிகப் பழைய சால்மன் ஃப்ளைகளில் தூண்டில் நரம்பு கோக்கும் வளையம் இரும்பில் இராது. பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்து இழுத்த இழையை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். காலப்போக்கில் அது நொறுங்கும் தன்மை அடைவதால், அதைப் பிடித்துத் தூக்காமல் முள்ளின் வளைவைப் பிடித்தே எடுங்கள். அவற்றைக் கொண்டு மீன்பிடிக்கவும் வேண்டாம். ஃப்ளையின் பக்கவாட்டில் மெழுகு பூசியது போன்ற மஞ்சள்–வெண் புள்ளியுள்ள சிற்றிறகு இருந்தால், அது பெரும்பாலும் நம் மலைக்காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகாக இருக்கும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் பறவை அது, வேட்டையாடுவது குற்றம். அரிக்கப்பட்டதற்குப் பதிலாக அதே இறகைத் தேடி வாங்க முயலாதீர்கள். பழுதுபார்த்தே ஆக வேண்டுமென்றால், வீட்டுக்கோழியின் இறகில் புள்ளி தீட்டி, வார்னிஷ் பூசிப் பொருத்தலாம்.