கதவு சாத்தியிருக்கிறது, விளக்கு ஏன் அணையவில்லை?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "கார் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. பின்பக்க இடது கதவை எவ்வளவு ஓங்கிச் சாத்தினாலும், கதவு திறந்திருப்பதாக டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது. சில நாள் தானாக அணைந்துவிடும். வெயிலில் நிறுத்தி வைத்த நாட்களில் தொந்தரவு அதிகம். சர்வீஸில் இரண்டு முறை எண்ணெய் விட்டு அனுப்பினார்கள். அதே கதவின் அடி விளிம்பில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. பின் சீட்டில் என் மகள் உட்காருகிறாள். சென்டர் லாக் போட்டுவிட்டால் பயமில்லைதானே?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பயம் இருக்கிறது. லாக் போடுவது இந்தக் குறைக்குப் பாதுகாப்பு ஆகாது.

கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். ஒரு சிறிய வாய் தெரியும்; சாத்திய கதவைப் பிடித்து நிறுத்தும் லாட்ச் என்ற பொறி அதுதான். உள்ளே நண்டுக் கொடுக்கு போல ஓர் உலோகத் துண்டு சுழலும். எதிரே காரின் தூணில் திருகப்பட்ட கம்பி வளையத்துக்கு ஸ்டிரைக்கர் என்று பெயர். கதவைச் சாத்தும்போது ஸ்டிரைக்கர் அந்தக் கொடுக்கைத் தள்ளிச் சுழற்றுகிறது. கொடுக்கு திரும்பி வராதபடி ஒரு சிறு பல், ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் வந்து விழுந்து தடுக்கிறது. கதவைப் பிடித்திருப்பது அந்தப் பல்தான். லாக் செய்வதெல்லாம், கைப்பிடியை இழுத்தாலும் பல் விலகாமல் பார்த்துக்கொள்வது. சைல்டு லாக் உள் கைப்பிடியை மட்டும் செயலிழக்க வைக்கிறது. பல் சரியாக விழவில்லை என்றால் இரண்டு லாக்கும் போட்டிருந்தாலும் கதவு திறந்துகொள்ளும்.

பல் விழுவதற்கு இரண்டு நிலைகள் உண்டு: அரைப் பிடிப்பு, முழுப் பிடிப்பு. கார் கதவுகளுக்கான ஐ.நா. விதிமுறை முழுப் பிடிப்பில் 11,000 நியூட்டன் இழுவிசையைத் தாங்கச் சொல்கிறது. ஏறத்தாழ 1,100 கிலோ எடையைத் தொங்கவிடுவது போல. அரைப் பிடிப்புக்கு 4,500 நியூட்டன் போதும். உங்கள் விளக்கு எரியும் நாட்களில், வெளியிலிருந்து பார்க்கக் கதவு சாத்தியதுபோல் இருந்தாலும் அது அரைப் பிடிப்பில் நிற்கலாம்.

கோளாறு லாட்ச்சிலா, கதவு உட்கார்ந்த விதத்திலா, வெறும் சுவிட்சிலா என்று பிரித்தறிய ஒரு திருப்புளி போதும். கதவு திறந்திருக்கும்போதே, ஸ்டிரைக்கர் தள்ளுவதுபோலத் திருப்புளியின் தண்டால் கொடுக்கை மெதுவாக உள்ளே சுழற்றுங்கள். 'டிக்' என்று ஒரு முறை, இன்னும் அழுத்தினால் இரண்டாம் முறை. இரண்டு ஓசையும் தெளிவாக இருக்க வேண்டும். பிறகு கொடுக்கை எதிர்ப்பக்கம் தள்ளிப் பாருங்கள், அசையக்கூடாது. கைப்பிடியை இழுத்தால் சட்டென்று திறக்க வேண்டும். இப்படிப் பத்து முறை. உங்கள் காரைப் பொறுத்தவரை, வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு மறுபடியும் பத்து முறை. முடித்ததும் கைப்பிடியை இழுத்துக் கொடுக்கைத் திறந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகே கதவைச் சாத்துங்கள். மறந்து சாத்தினால் கொடுக்கு ஸ்டிரைக்கரில் மோதி, நல்ல லாட்ச்சும் கெட்டுப்போகும்.

இருபதில் ஒரு முறை கொடுக்கு தானாகத் திரும்பினாலும் லாட்ச்சை மாற்றியே ஆக வேண்டும். எண்ணெய் இதற்கு மருந்தாகாது. வெயிலைப் பற்றி நீங்கள் குறிப்பிட்டது நல்லதாயிற்று. 2016இல் ஃபோர்டு நிறுவனம் 20 லட்சத்துக்கும் அதிகமான கார்களைத் திரும்ப அழைத்தது இதே பல்லின் ஸ்பிரிங்கைத் தாங்கும் சிறு முனை உடைந்துபோனதால்தான். முதலில் வெப்பம் மிகுந்த அமெரிக்க மாநிலங்களுக்கு வந்த அழைப்பு, பிறகு நாடு முழுவதற்கும் விரிந்தது. அந்தக் கார்களிலும் முதல் அறிகுறி கதவு சாத்த மறுப்பதுதான். பலமுறை முயன்று சாத்திவிட்டால், ஓடும்போது திறந்துகொள்ளும் ஆபத்து இருந்தது. அதனால்தான் ஓங்கிச் சாத்தும் பழக்கத்தை நான் அஞ்சுகிறேன். அது அறிகுறியை மறைக்கிறது.

இருபது முறையும் பல் உறுதியாக நின்றால் கதவின் இருப்பைப் பாருங்கள். பாதி திறந்த கதவின் முனையைப் பிடித்து மேலே தூக்குங்கள்; ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. ஸ்டிரைக்கரின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று உரசியிருந்தால் கதவு கோணலாக வந்து மோதுகிறது. ஸ்டிரைக்கரை நகர்த்திச் சரிசெய்யலாம். ஆனால் பழைய இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே நகர்த்த வேண்டும், திருகுகளை நிறுவனம் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். விபத்தில் கதவைத் தாங்குபவை அந்தத் திருகுகள். தொங்கிய கீலை விட்டுவிட்டு ஸ்டிரைக்கரைத் தாழ்த்தித் தருகிற பட்டறைக்கு மறுபடி போகாதீர்கள். இதுவும் சரியாக இருந்தால் மிஞ்சுவது சுவிட்ச். இப்போது பல கார்களில் அது லாட்ச்சுக்கு உள்ளேயே இருப்பதால், பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுவார்கள்.

சர்வீஸில் என்ன எண்ணெய் விட்டார்கள் என்று கேளுங்கள். துருவை இளக்கும் மெல்லிய ஸ்பிரே என்றால் அது உள்ளிருந்த கிரீஸையும் கழுவிவிடும். இரண்டு வாரம் நன்றாக இருந்து மறுபடி பழைய கதை தொடங்குவது அதனால்தான். வெள்ளை லித்தியம் கிரீஸ் ஏற்றது.

பெயின்ட் கொப்பளம் தனிக் கதை அல்ல. கண்ணாடியில் வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அடியில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும். மண்ணும் இலைத்தூளும் அவற்றை அடைத்தால் நீர் உள்ளே தேங்கி, தகடு உட்புறமிருந்து துருப்பிடிக்கிறது; அந்த ஈரம் லாட்ச்சின் மோட்டாரையும் சுவிட்சையும் அரிக்கக்கூடும். கதவை ஆட்டிப் பாருங்கள், தண்ணீர் தளும்பும் ஓசை கேட்கலாம். மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் துளைகளைத் திறந்துவிடுங்கள். மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளிருந்து தகடு துளைபடுவதற்குப் பல நிறுவனங்கள் பெயின்டைவிட நீண்ட, தனி உத்தரவாதம் தருகின்றன. ஆவணங்களை எடுத்துப் பாருங்கள்.

சர்வீஸுக்குப் போகும் முன் சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டு, திரும்ப அழைக்கும் அறிவிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பொதுவாகச் செலவில்லாமல் மாற்றித் தருவார்கள். சாத்திய கதவையும் எரியும் விளக்கையும் ஒரே வீடியோவில் எடுங்கள். ஜாப் கார்டில் 'கதவு சத்தம்' என்று எழுதினால் கையெழுத்திட வேண்டாம். 'சாத்திய கதவு முழுமையாகப் பிடிக்கவில்லை, குழந்தை உட்காரும் இடம்' என்று எழுதச் சொல்லி, நகல் வாங்குங்கள். மூன்றாவது முறையும் எண்ணெயோடு அனுப்பினால் அந்த நகல்களோடு நிறுவனத்தின் தலைமையகத்துக்கும், வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுத் துறைக்கும் எழுதுங்கள்.

அதுவரை மகள் வலப்பக்கம் உட்காரட்டும், பெல்ட்டோடு. ஓடும்போது இடது கதவு திறந்துகொண்டால் யாரும் கை நீட்டி இழுக்கக் கூடாது என்று இன்றே அவளிடம் சொல்லிவையுங்கள். நீங்கள் வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்திய பிறகு இறங்கிப் போய்ச் சாத்தலாம்.