சொந்தபந்தம் விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

ஆளுக்கொரு ஊரில் வேலை, பிள்ளைகளுக்கு டியூஷன் என்று ஓடுகிற காலத்தில் பெரிய குடும்பத்தின் ஒட்டுறவை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

புதிதாக எதையும் தொடங்காதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். 'மாதம் ஒரு ஞாயிறு எல்லாரும் கூடுவோம்' என்று வாட்ஸப் குரூப்பில் போடுகிற திட்டம் மூன்றாம் மாதமே படுத்துவிடும். ஒருத்தருக்குத் தோதான நாள் இன்னொருத்தருக்கு ஆகாது. பஞ்சாங்கம் குறித்த நாள் என்றால் அந்தப் பேச்சே எழாது.

எங்களுக்குத் தூத்துக்குடி மாவட்டம். எங்கள் பக்கம் பங்குனி உத்திரம் என்றாலே சாஸ்தா கோயில்தான். குடும்பத்துக்குக் குலதெய்வமாக ஒரு சாஸ்தா உண்டு. மற்ற நாளில் உடைமரங்களுக்கு நடுவே ஆளில்லாமல் கிடக்கிற கோயிலில் அன்றைக்கு வேன் நிறுத்த இடம் இருக்காது. (மதுரை, தேனிப் பக்கத்தார் இதேபோல மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடப் போவார்கள்.)

சாமி நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும், இந்தக் கூட்டத்தைக் கட்டி வைத்திருப்பது கோயில் செலவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கிற வரி. கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் எங்கள் கோயிலில் ஒரு தலைக்கட்டு. துபாயில் இருக்கிற சித்தப்பா மகனுக்கும், ஊரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சிக்கும் ஒரே தொகை. வசதியான ஒருத்தர் 'மொத்தச் செலவும் என்னுடையது' என்று முன்வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். மற்ற சொக்காரர்கள், அதாவது பங்காளிகள், எல்லாம் விருந்தாளி ஆகிவிடுவார்கள். அடுத்த வருடம் வருவதற்கே கூச்சப்படுவார்கள். வரி கட்டியவனுக்குத்தான் 'ஏன் இந்த வருசம் பாயசம் தண்ணியா இருக்கு?' என்று சண்டை போட உரிமை உண்டு. அந்தச் சண்டையும் வேண்டும்.

பிள்ளைகளை போனோடு மரத்தடியில் உட்கார விடக் கூடாது. எங்கள் கோயிலில் பொங்கல் அடுப்புக்குக் காய்ந்த பனையோலை தள்ளுவது அவர்கள் வேலை. ஓலை குபுகுபுவென்று எரிந்து சட்டென்று அடங்கும், ஆள் நகரவே முடியாது. சென்னையில் வளர்கிற பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும்போது 'இது யாரு, உனக்கு என்ன முறை' என்று நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நடைமுறைச் சிக்கல் இரண்டு. 2025-இல் உத்திரம் ஏப்ரல் 11, 2026-இல் ஏப்ரல் 1; பெரும்பாலும் பரீட்சை நேரத்தில்தான் வந்து விழும். நெல்லைப் பக்கம் உள்ளூர் விடுமுறை விடுவது உண்டு, சென்னைப் பள்ளியில் அது நடக்காது. ஒருநாள் லீவு போட்டால் ஒன்றும் குடிமுழுகாது என்பது என் கட்சி; என் மனைவி வேறு கட்சி. அடுத்தது ரயில். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகிவிட்டது. அதனால் தை பிறந்ததுமே தேதியைக் கணக்குப் பண்ணி, முத்துநகரிலோ நெல்லை எக்ஸ்பிரஸிலோ எல்லாருக்கும் சேர்த்து டிக்கெட் போடுகிற பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கட்டிக்கொடுத்த பெண்கள் புருஷன் வீட்டு சாஸ்தாவுக்குப் போய்விடுவார்கள், ஆகவே அத்தை பிள்ளைகளையும் அக்கா பிள்ளைகளையும் பார்க்க முடியாது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிற வருடம் மட்டும் மாமன் வீட்டார் அந்தப் பிள்ளையின் அப்பா வீட்டுக் கோயிலுக்கு வருவார்கள். மற்ற வருடங்களுக்குப் பொங்கல்படிதான் கைகொடுக்கும். அக்கா தங்கைக்கு அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்குலை கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கம் இப்போது ஜிபேயில் ஐந்நூறு ஆயிரம் என்று சுருங்கிவிட்டது. பணத்தை அனுப்பாதீர்கள். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கரும்போடு நேரே போய், மத்தியானச் சாப்பாடு அங்கேதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.